அந்த ‘போல’ நழுவாம பாத்துக்கிறது எப்படி: கவுன்சிலர்களுக்கு கொஞ்சம் மைண்ட்ஃபுல்னெஸ்

முதல்ல என்னோட ஒரு சொதப்பலைச் சொல்லிடுறேன், அப்புறம் டிப்ஸுக்கு வரலாம். டிரெய்னிங் முடிச்சு வேலைக்கு வந்த புதுசு. ஒருத்தர் அவங்க அப்பா இறந்ததைப் பத்தி பேசிட்டு இருந்தார் (ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு விவரங்களை மாத்தியிருக்கேன்). "ஆஸ்பத்திரில இருந்து போன் வந்துச்சு, போயிட்டார்னு சொன்னாங்க, நான் போனை வெச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தேன்"ன்னார். எங்க அப்பா போய் அப்ப ஒரு வருஷம்கூட ஆகல, எனக்கு தொண்டை அடைச்சு கண்ணு கலங்கி, ரொம்ப மெதுவான குரல்ல "அந்த நேரம் உலகமே இடிஞ்சு விழுந்த மாதிரி இருந்திருக்கும்ல"ன்னு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பாத்தார். "இல்ல, நிம்மதியா இருந்துச்சு"ன்னார். அப்புறம் குரலை இறக்கி "தப்பா நினைச்சுக்காதீங்க"ன்னு சேத்துக்கிட்டார்.

அந்த கடைசி வார்த்தை தான் எனக்கு இன்னும் உறுத்துது. மனசைத் திறக்க வந்த மனுஷன் என்னோட துக்கத்துக்கு மரியாதை கொடுத்து அவரோட நிம்மதிக்கு மன்னிப்பு கேட்டுட்டு இருந்தார். நானோ கண்ணு கலங்கினதை வெச்சு ‘பரவால்ல, நமக்கு நல்லா எம்பதி (அடுத்தவர் மனசைப் புரிஞ்சு உணர்றது) வருது’ன்னு உள்ளுக்குள்ள பெருமைப்பட்டுட்டு இருந்தேன்.

"தன்னைப் போல பிறரை நினை"ன்னு தான் நம்மள வளர்த்தாங்க, வாழ்றதுக்கு நல்ல பாடம் தான், ஆனா செஷன் ரூமுக்குள்ள அதை அப்படியே எடுத்துட்டு போனா அது பொறி. 1997ல சைக்காலஜிஸ்ட் டேனியல் பேட்சனும் அவரோட டீமும் ஒரு ஆய்வு பண்ணாங்க. கஷ்டத்துல இருக்கிற ஒருத்தரோட பேச்சைக் கேக்க வெச்சு, சில பேரை ‘இவருக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க’ன்னு சொன்னாங்க, சில பேரை ‘இவர் இடத்துல நீங்க இருந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க’ன்னு சொன்னாங்க. ரெண்டு கும்பலுக்கும் அந்த மனுஷன் மேல அக்கறை வந்துச்சு, ஆனா ரெண்டாவது கும்பலுக்கு கூடவே சொந்தப் பதட்டமும் வந்துருச்சு. கேக்க ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு வேலை உள்ள வேற வேற. நான் அன்னைக்குப் பண்ணது ரெண்டாவது.

அமெரிக்க சைக்காலஜிஸ்ட் கார்ல் ரோஜர்ஸ் 1957லயே இதைச் சரியா பிடிச்சிருக்கார். கிளையன்ட்டோட உலகத்தை உங்களோடது போல உணரணும், ஆனா அந்த ‘போல’ மட்டும் தொலையவே கூடாதுங்கிறது அவர் சொன்னதோட சாரம். எனக்கு இந்த ஒரு வார்த்தை போதும்னு தோணும். ‘போல’ இருக்கிற வரைக்கும் அது எம்பதி, ‘போல’ கழண்டு விழுந்துருச்சுன்னா எதிர்ல இருக்கிறவர் கஷ்டத்துல நீங்களும் முங்கிட்டீங்க, இல்ல உங்க கஷ்டத்தை அவர் தலையில ஏத்திட்டீங்க. மைண்ட்ஃபுல்னெஸ்னா சாந்தமா சிரிச்ச முகத்தோட உக்காந்திருக்கிறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நம்ம வேலைல அதோட உபயோகம் ரொம்பச் சின்னது: அந்த ‘போல’ கழல்ற செகண்டை கவனிச்சு அதை எடுத்து மாட்டுறது. ஒரு செஷன்ல இருபது தடவை கழலும், இருபது தடவையும் மாட்டணும், அவ்வளவு தான் வித்தை.

செஷனுக்கு முன்னாடி

50 நிமிஷ செஷன், மிச்சம் 10 நிமிஷம் இடைவெளிங்கிற வழக்கம் சும்மா வரல. அந்த 10 நிமிஷத்துல நோட்ஸ் எழுதி, மெயில் பாத்து, போன்ல ரெண்டு மெசேஜுக்கு பதில் போட்டு ஓடி வந்து உக்காந்தா, முந்தின கிளையன்ட் இன்னும் உங்க தோள்ல உக்காந்திருப்பார். அதுல 3 நிமிஷத்தை மட்டும் தனியா எடுத்து வெச்சுக்கோங்க. நாற்காலில உக்காந்து ரெண்டு பாதத்தையும் தரையில பதிய வைங்க, கண்ணை மூடணும்னு கட்டாயம் இல்ல, உடம்போட எடை நாற்காலில எங்க இறங்குதுன்னு பாருங்க. அப்புறம் உங்களையே ஒரு கேள்வி கேளுங்க, ‘இப்ப எனக்குள்ள என்ன ஓடுது?’

பதில் ஒரு வார்த்தையா இருக்கணும். எரிச்சல். பயம். தூக்கம். ‘காலைல வீட்ல நடந்த சண்டை.’ அதுக்கு மேல தோண்டாதீங்க, பேர் மட்டும் வைங்க. பேர் வைக்கிறதுலயே ஒரு பலன் இருக்கு, மேத்யூ லீபர்மேன் டீம் 2007ல மூளை ஸ்கேன் வெச்சு பாத்தப்ப, உணர்ச்சி தெரியிற முகங்களைப் பாத்து அந்த உணர்ச்சிக்கு ஒரு வார்த்தை சொல்றப்ப அமிக்டலாவோட (பயம் மாதிரி உணர்ச்சிகள்ல துள்ளுற மூளைப் பகுதி) துள்ளல் குறைஞ்சுது. நமக்கு இதுல இன்னொரு லாபமும் இருக்கு. ‘எரிச்சல்’னு முன்னாடியே ஒரு லேபிள் ஒட்டிட்டீங்கன்னா, பத்தாவது நிமிஷத்துல எரிச்சல் வர்றப்ப ‘இந்த கிளையன்ட் என்னைக் கடுப்பேத்துறார்’னு பழியை அவர் மேல போட மாட்டீங்க, இது நான் வாசல்லயே கொண்டு வந்த சரக்குன்னு தெரியும்.

நான் கை கழுவுறதையும் ஒரு சடங்கா வெச்சிருக்கேன். ஒரு செஷன் முடிஞ்சு அடுத்ததுக்கு முன்னாடி, தண்ணி எவ்வளவு ஜில்லுன்னு இருக்கு, விரலிடுக்குல எப்படி ஓடுதுன்னு மட்டும் கவனிப்பேன். முப்பது செகண்ட். கேக்க அல்பமா இருக்கும், ஒரு வாரம் பண்ணிப் பாருங்க.

உள்ள உக்காந்த அப்புறம்: நங்கூரம் எங்க போடுறது

மூச்சைக் கவனிங்கன்னு தான் எல்லாரும் சொல்வாங்க. செஷனுக்குள்ள எனக்கு அது ஒத்து வரல. எதிர்ல இருக்கிறவர் பதட்டத்துல வேக வேகமா மூச்சு விடுறப்ப நம்ம மூச்சும் நமக்கே தெரியாம அந்த வேகத்துக்கு இழுபடும், அப்ப மூச்சுல கவனத்தை வெச்சா பதட்டத்துல தான் போய் நிக்கும். அதனால நான் பாதத்துக்கு மாறிட்டேன். உள்ளங்கால் தரையைத் தொடுற உணர்வு. அவர் பேச்சைக் கேட்டுட்டே ஒரு ஓரமா அதையும் வெச்சிருக்க முடியும், பார்வையும் உள்ளுக்குள்ள போகாது, வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு எதுவும் தெரியாது.

கவனம் முக்கால்வாசி அவர்கிட்ட, கால்வாசி உங்ககிட்ட. கணக்கு துல்லியமா இருக்கணும்னு அவசியமில்ல, ஆனா நூறு சதவீதமும் அவர்கிட்ட கொடுக்கிறது தான் நல்ல தெரபிஸ்ட்டுக்கு அழகுங்கிற நினைப்பை விட்ருங்க, அப்படி மொத்தமா கொடுத்த அன்னைக்குத் தான் ‘போல’ முதல்ல தொலையும். ஃபிராய்டு 1912லயே டாக்டர்களுக்கு சொன்ன அறிவுரை இதுக்குப் பக்கத்துல வரும்: எதையும் குறிவெச்சுப் பிடிக்காம, எல்லாத்து மேலயும் சமமா மிதக்கிற கவனம் வேணும்னார். குறிவெச்சுக் கேட்டா எதிர்பாத்தது மட்டும் தான் காதுல விழும்.

இப்ப மனசு எப்படியெல்லாம் இழுக்கும்னு பாக்கலாம். அறிவுரை சொல்லணும்னு நாக்கு துறுதுறுங்கும். ‘எனக்கும் இப்படித் தான்’னு சொந்தக் கதை எட்டிப் பாக்கும். கண்ணு தானா கடிகாரத்துக்குப் போகும். அவர் பேசிட்டு இருக்கிறப்பவே அடுத்து கேக்கப் போற அழகான கேள்வியை உள்ள செதுக்கிட்டு இருப்பீங்க (இது படிச்சவங்களுக்கு வர்ற வியாதி, எனக்கு நிறைய உண்டு). இதெல்லாம் வர்றதே தப்புன்னு இல்ல. வந்ததைப் பாத்தீங்களா, உள்ளங்காலுக்கு ஒரு எட்டு போனீங்களா, திரும்ப அவர் முகத்துக்கு வந்தீங்களா, அது ரெண்டு செகண்ட் வேலை.

ரொம்ப நாள் எனக்குப் பிடிபடாம இருந்தது டிஷ்யூ பாக்ஸ். ஒருத்தர் அழ ஆரம்பிச்ச உடனே என் கை தானா அதை அவர் பக்கம் தள்ளும். நல்ல எண்ணம் தான். ஆனா ஒரு நாள் என் சூப்பர்வைசர் (என் கேஸ்களை என்கூட உக்காந்து அலசுற சீனியர்) "அந்த நேரத்துல உங்க வயித்துல என்ன நடக்குதுன்னு பாருங்க"ன்னார். அடுத்த தடவை பாத்தேன். வயிறு இறுகுது, தாடை கடிக்குது, கை போகுது. அதாவது அவர் அழுகையை என்னால தாங்க முடியல, அதைத் துடைச்சு முடிச்சு வெக்கணும்னு என் உடம்பு சொல்லுது, அதைத் தான் நான் கனிவுன்னு பேர் வெச்சு நீட்டிட்டு இருந்திருக்கேன். இப்ப பாக்ஸ் அவர் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு, எனக்கு எட்டாது. முதல் தடவை கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தப்ப ஒரு நாப்பது செகண்ட் இருக்கும், நாப்பது நிமிஷம் மாதிரி இருந்துச்சு, அந்த அழுகைக்கு அடியில இருந்து தான் அவர் அதுவரைக்கும் சொல்லாத ஒரு விஷயம் வந்துச்சு.

இது என்னோடதா, அவரோடதா?

செஷன் நடுவுல திடீர்னு தூக்கம் வருது, அலுப்பு வருது, காரணமே இல்லாம பயம் வருது. கவுன்ட்டர் ட்ரான்ஸ்ஃபரன்ஸ்னு (கிளையன்ட்டால தெரபிஸ்ட்டுக்குள்ள கிளம்புற உணர்வுகள்) படிச்சிருப்போம், ஆனா அந்த நிமிஷத்துல அதை எப்படிப் பிரிச்சுப் பாக்குறது? நான் மனசுக்குள்ள ஓட்டுற சோதனை இது தான். இவர் உள்ள வர்றதுக்கு முன்னாடியே இது இருந்துச்சா (அதுக்குத் தான் முன்னாடியே பேர் வைக்கச் சொன்னேன்), இன்னைக்கு மத்த செஷன்லயும் இதே வந்துச்சா, இல்ல இவர் ஒரு குறிப்பிட்ட விஷயத்தைத் தொடுறப்ப மட்டும் வருதா. மூணாவதுன்னா அது அவரைப் பத்தின செய்தியா இருக்க வாய்ப்பு அதிகம். அவர் தன்னோட அம்மாவைப் பத்தி சொல்ல ஆரம்பிச்சாலே எனக்கு கொட்டாவி வருதுன்னா, அவரே அந்த இடத்துல உணர்ச்சியை மழுங்கடிச்சு, யாரோ பத்தி ரிப்போர்ட் வாசிக்கிற மாதிரி பேசுறாரோ என்னவோ. உடனே அதை அவர்கிட்ட கொட்டிராதீங்க, மூணு செஷன் பாருங்க, சூப்பர்விஷன்ல போடுங்க. வாய்ப்பு அதிகம்னு தான் சொன்னேன், உங்க அம்மா ஞாபகமாவும் இருக்கலாம்.

வாயால சொல்றது

உள்ள எவ்வளவு உணர்ந்தாலும் அது வெளிய போய்ச் சேரலைன்னா கிளையன்ட்டுக்கு ஒண்ணும் இல்ல. ராபர்ட் எலியட் கூட சேந்து சிலர் 2018ல 82 குழுக்கள், 6,138 கிளையன்ட்கள் வெச்சு பழைய ஆய்வுகளை எல்லாம் ஒண்ணா தொகுத்துப் பாத்தாங்க, எம்பதிக்கும் தெரபியோட பலனுக்கும் மிதமான, ஆனா உறுதியான தொடர்பு இருக்கு. அதுல நமக்கு உறைக்க வேண்டிய விஷயம் ஒண்ணு: கிளையன்ட் ‘இவர் என்னைப் புரிஞ்சுக்கிட்டார்’னு சொல்ற மார்க் தான் பலனை நல்லா கணிச்சுது, தெரபிஸ்ட் தனக்குத் தானே போட்டுக்கிற மார்க் அந்த அளவுக்கு இல்ல. என் கண்ணு கலங்கின கதையை இதோட வெச்சுப் பாருங்க.

அதனால ரெஃப்ளெக்ட் பண்றப்ப, அதாவது அவர் சொன்னதையும் உணர்றதையும் திருப்பிச் சொல்றப்ப, தீர்ப்பு மாதிரி சொல்லாம ஊகம் மாதிரி சொல்லுங்க. "உங்களுக்கு கோவம்"னு முடிக்காம, "கேக்குறப்ப கொஞ்சம் கோவமும் இருக்கிற மாதிரி தெரியுது, சரியா சொல்றேனா?" முடிஞ்ச வரைக்கும் அவரோட வார்த்தையையே எடுங்க. அவர் ‘கடுப்பா இருந்துச்சு’ன்னா நீங்க அதை ‘மன உளைச்சல்’னு ப்ரமோஷன் கொடுக்காதீங்க, ‘கடுப்பு’ தான். போன் வந்த கதைக்கு இப்ப நான் என்ன சொல்வேன்னா, "போனை வெச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தீங்க…"ன்னு அவர் வார்த்தையைத் திருப்பிக் கொடுத்துட்டு நிறுத்திருவேன். மிச்சத்தை அவரே நிரப்புவார், நிம்மதின்னா நிம்மதி, துக்கம்னா துக்கம்.

தப்பா சொல்லிட்டீங்களா, விடுங்க, அது நடக்கும். முகம் சுருங்குறது, "ம்… ஆமா"ன்னு தயங்கி ஒத்துக்கிறது, சட்டுன்னு டாபிக் மாத்துறது, இதெல்லாம் பாத்தா உடனே "நான் சரியா புரிஞ்சுக்கலன்னு நினைக்கிறேன், திருத்துங்க"ன்னு கேட்டுருங்க. விளக்கம் கொடுக்காதீங்க, உங்க நியாயத்தை அவர் கேட்டுட்டு இருக்க வேண்டிய அவசியம் இல்ல. நிறைய கிளையன்ட்களுக்கு வாழ்க்கைல ஒருத்தர்கூட ‘நான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்’னு சொன்னதே இருக்காது, அந்தத் திருத்தமே சில சமயம் சரியா சொல்றதை விட நல்ல வேலை செய்யும்.

வீடியோ செஷன்னா ஒண்ணே ஒண்ணு: உங்க முகம் தெரியிற சின்ன பெட்டியை மறைச்சு வெச்சுருங்க. இல்லைன்னா நீங்க எம்பதியா தெரியிறீங்களான்னு நீங்களே பாத்துட்டு இருப்பீங்க.

முங்க ஆரம்பிச்சா

சில கதைங்க தாங்காது. குழந்தைங்களுக்கு நடந்த கொடுமை, தற்கொலை பண்ணிக்கிட்டவங்களோட குடும்பம், இந்த மாதிரி செஷன்ல ‘போல’ பிச்சுக்கிட்டு போயிரும். மூளை ஆராய்ச்சியாளர் டானியா சிங்கர் 2004ல காட்டினாங்க, நாம நேசிக்கிற ஒருத்தருக்கு வலிக்கிறதைத் தெரிஞ்சுக்கிறப்ப, நமக்கே வலிக்கிறப்ப வேலை செய்ற மூளைப் பகுதிகள்ல சிலது, முக்கியமா வலியோட உணர்ச்சி சம்பந்தப்பட்ட பகுதிகள், நமக்கும் எழும்புது. அப்புறம் ஓல்கா கிளிமெக்கியும் சிங்கரும் பண்ண பயிற்சி ஆய்வுகள்ல, அடுத்தவர் வலியோட கூட அதிர்றதுக்கு மட்டும் பழக்கினவங்களுக்கு வேதனை ஏறுச்சு, அவங்களுக்கே அப்புறம் கருணைப் பயிற்சி கொடுத்தப்ப அந்த வேதனை இறங்கி இதமான உணர்வு வந்துச்சு, மூளைல வேற பகுதிகள் எழும்பிச்சு.

செஷன்ல அதை எப்படிப் பண்றது? முதல்ல மூச்சை வெளிய விடுறதை மட்டும் மெதுவா நீட்டுங்க, ரெண்டு மூணு தடவை, வெளி மூச்சுல இதயத் துடிப்பு இயல்பாவே கொஞ்சம் குறையும். (மூச்சைக் கவனிக்கிறது ஒத்து வரலன்னு மேல சொன்னேன்ல, இது கவனிக்கிறது இல்ல, நீட்டுறது.) முதுகை நாற்காலில சாய்ங்க, நிறைய பேர் கஷ்டமான கதை கேக்கிறப்ப முன்னாடி சாய்ஞ்சு சாய்ஞ்சு கிளையன்ட் மடியிலயே விழுற மாதிரி உக்காந்திருப்பாங்க. அப்புறம் மனசுக்குள்ள ஒரு வாக்கியம், ‘இது இவருக்கு நடந்தது, இவர் இதுல இருந்து மீளணும்.’ முதல் பாதி ‘போல’யை மாட்டுது, ரெண்டாவது பாதி கருணைக்கு வழி விடுது. ஏதோ ஜெபம் மாதிரி இருக்கேன்னு எனக்கும் முதல்ல கூச்சமா இருந்துச்சு.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது கிளையன்ட் கொடுத்துட்டு, சூப்பர்விஷனும் கொடுக்காம, ‘பர்ன்அவுட் ஆகாம இருக்க மைண்ட்ஃபுல்னெஸ் பண்ணுங்க’ன்னு ஒரு ஒர்க்‌ஷாப் வெச்சு சர்ட்டிஃபிகேட் கொடுக்கிற நிர்வாகங்கள் உண்டு. நான் வேலை பாத்த ஒரு இடத்துல அப்படித் தான். அங்க நமக்கு வேணுங்கிறது தியானம் இல்ல, கேஸ் எண்ணிக்கை குறையணும். சார்லஸ் ஃபிக்லி 1995ல கம்பேஷன் ஃபெட்டீக் (அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டுக் கேட்டு வர்ற களைப்பு) பத்தி எழுதினப்பவே, அதிர்ச்சிக்கு ஆளானவங்களுக்கு உதவுறவங்களுக்கும் அதோட பாதிப்பு வரும்னு தான் சொன்னார். தூக்கம் கெட்டு, கிளையன்ட் கேன்சல் பண்ணா சந்தோஷமா இருந்து, அவங்க கதை கனவுல வந்தா, பாதத்தைக் கவனிச்சுட்டு உக்காந்திருக்காம சூப்பர்வைசர்கிட்ட போங்க, தேவைப்பட்டா நீங்களே ஒரு தெரபிஸ்ட்கிட்ட போங்க.

பயிற்சி

இதெல்லாம் செஷன்ல வரணும்னா வெளிய பழகணும். ஜான் கபட்-ஸின் 1979ல மாசசூசெட்ஸ்ல ஆரம்பிச்ச 8 வார மைண்ட்ஃபுல்னெஸ் ப்ரோக்ராம் பலருக்கும் தெரியும், 2007ல ஷௌனா ஷபிரோ டீம் அதைத் தெரபிஸ்ட் டிரெய்னிங்ல இருக்கிற மாணவர்களுக்கு கொடுத்துப் பாத்தப்ப ஸ்ட்ரெஸ் குறைஞ்சு தன் மேலயே கனிவு கூடுச்சு. அதே வருஷம் ஜெர்மனில, பயிற்சில இருக்கிற 18 தெரபிஸ்ட்கள்ல பாதிப் பேரை ஜென் தியானம் பண்ண வெச்சாங்க, அவங்க பாத்த நோயாளிகளுக்கு மத்தவங்களை விட நல்ல முன்னேற்றம் தெரிஞ்சுது. சின்ன ஆய்வு தான், அதை வெச்சு பெருசா கோட்டை கட்ட வேண்டாம். தினமும் 10 நிமிஷம் உக்காருங்க, விட்டுப் போச்சுன்னா மறுநாள் உக்காருங்க. உங்களுக்கே பழைய ட்ராமா இருந்தா கண்ணை மூடிட்டு உடம்பு முழுக்க கவனிக்கிற பயிற்சி சில சமயம் கிளறி விட்ரும், அப்ப கண்ணைத் திறந்து வெச்சு, நேரத்தைக் குறைச்சு, வெளிச் சத்தங்களைக் கேக்குற மாதிரி மாத்திக்கோங்க.

தனியா பண்றதை விட எனக்கு நிறைய கத்துக் கொடுத்தது ஜோடிப் பயிற்சி. கூட வேலை பாக்குறவங்க ஒருத்தரைப் பிடிங்க. அவர் 5 நிமிஷம் ஏதாவது பேசணும், நிஜமான விஷயமா, ஆனா ரொம்பப் பெரிய விஷயமா வேண்டாம். நீங்க பதிலே பேசக்கூடாது, தலையாட்டலாம். மடியில ஒரு பேப்பர், கையில பேனா. மனசு அவரை விட்டு எங்க போனாலும் ஒரு கோடு போட்டுட்டு திரும்பி வரணும். அறிவுரை யோசிச்சா ஒரு கோடு, ‘நான் சரியா கேக்குறேனா’ன்னு யோசிச்சாலும் ஒரு கோடு. முதல் தடவை எனக்கு 31 கோடு விழுந்துச்சு, 5 நிமிஷத்துல. எதிர்ல இருந்த ஃப்ரெண்ட் "நான் அவ்வளவு போரா பேசினேனா"ன்னு கேட்டா. முடிச்சதும், பேசினவர் தனக்கு எந்த இடத்துல நீங்க கூட இருந்த மாதிரி இருந்துச்சு, எந்த இடத்துல காணாம போனீங்கன்னு சொல்லணும், அதைக் கோடுகளோட வெச்சுப் பாருங்க.

கோடு குறையணும்னு டார்கெட் வைக்காதீங்க. ஆறு மாசம் கழிச்சு பண்ணப்ப எனக்கு 34 வந்துச்சு. ஆனா இந்த தடவை அவ, "ரெண்டு இடத்துல போயிட்டு வந்த, மத்தபடி இங்க தான் இருந்த"ன்னா.